விடியலில் இரவுச் சாப்பாடு

மார்ச் 9

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்களும் பிள்ளைகளும் சுகமா? என் தம்பியின் சோம்பேறித்தனமும் சுகமா?

இங்கே மலைக்குப் பின்னால் மலை. கைப்பேசியைக் கல் என்று நினைத்து வீசிவிடலாம், அவ்வளவுதான் அதற்குப் பயன். வாரத்துக்கு ஒரு முறை மளிகை ஏற்றிவரும் லாரிதான் தபால் வண்டியும். கல்யாணத்துக்கு முன்னால்கூட நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு எழுதவேண்டும் என்று இருந்திருக்கிறது. உங்கள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். பரவாயில்லை, படித்துக்கொள்வேன்.

சுரங்கப்பாதையின் இந்தப் பக்கத்து இரவு வேலை முழுக்க என் பொறுப்பு. முதல் நாள் தலைக்கவசத்தோடு போய் நின்றேன். பாறையில் துளை போடும் ஆள் ஒருவர் என்னிடமே வந்து, "புது இன்ஜினியர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார். "வந்தாச்சு. மெஷினை எடுங்க" என்றேன். இப்போது என்னைக் கண்டால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்.

இனி தலையாய விஷயம், சுண்டுவின் காலைச் சாப்பாடு. வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால், ஏதாவது ஒரு பழம். மேசையில் உட்கார்ந்து, டி.வி. இல்லாமல். ரொட்டியில் ஜாமைத் தடவி நீட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் சுட்டது என்பதற்காக ரொட்டி சாப்பாடு ஆகிவிடாது.

டாக்டர் எடை அட்டையில் போட்ட பச்சைக் கோடு ஞாபகம் இருக்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளை, நாலு வயதுச் சட்டைக்குள் தொளதொளவென்று நிற்கிறாள். செப்டம்பரில் அவள் எடை அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன். நீங்களும் தலையாட்டினீர்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த பொறுப்பு இது. அது இப்போது நீங்கள் உரிக்கும் முட்டையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தம். தம்பிக்கு ஒரு குட்டு.

உங்கள்,
மலையைக் குடைபவள்


மார்ச் 21

அன்புள்ள சுரங்க ராணிக்கு,

நாங்கள் சுகம். உன் தம்பியின் சோம்பல் முன்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. கிளம்பும்போது உனக்கு இருந்த இருமல் போயிற்றா? கல்தூசியில் முகமூடி போடாமல் நிற்காதே.

ரொட்டியைக் கேவலமாகப் பேசிவிட்டாய். இந்த ஊரில் பாதிப் பேர் கண் விழிப்பதே நான் சுட்டதைத் தின்னத்தான். இருந்தாலும் சொன்ன சொல் தட்டமாட்டேன். ராத்திரி முழுக்க அடுப்பு வாயில் நின்றுவிட்டு விடியும்போது வருகிறேன். உன் தம்பி முன்னறையில் குறட்டைவிட்டுக் காவல் காக்கிறான். அந்தச் சத்தத்தைத் தாண்டி எந்தத் திருடனும் உள்ளே வரமாட்டான். கைகால் கழுவி, முட்டை வேகவைத்து, பால் காய்ச்சி, பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். சுண்டு முட்டையை ஒரு கன்னத்தில் அடக்கினாள். பிறகு மறு கன்னத்துக்கு மாற்றினாள். பள்ளி வண்டி வந்தபோதும் முட்டை அங்கேதான் குடியிருந்தது.

பெரியவளை வக்கீல் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. உடனே குறுக்கு விசாரணை.

"நீங்க ஏம்ப்பா சாப்பிடல?"

"எனக்கு இப்பதான் ராத்திரி. நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் என் ராத்திரிச் சாப்பாடு."

"நீங்க சாப்பிடாம, எங்க வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது நியாயமா?"

பசித்தால் பிள்ளை தானாகத் தின்னும் என்பது என் கட்சி. நேரத்துக்கு, அளவாக, முட்டை என்பது உன் கட்சி. உன் கட்சிதான் ஆட்சியில் இருக்கிறது. எதிர்க்கட்சி முட்டை உரித்துக்கொண்டிருக்கிறது.

அடுப்படியிலிருந்து,
உன்னவன்


ஏப்ரல் 6

எதிர்க்கட்சித் தலைவருக்கு அன்பு வணக்கம்.

இருமல் போய்விட்டது. உங்கள் கை எப்படி? நான் கிளம்புமுன் அடுப்புத் தட்டில் சுட்டுக்கொண்ட இடம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். தம்பிக்கு ஜலதோஷம் பிடித்தால் பிள்ளைகள் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

முட்டை கன்னத்தில் குடியேறினால் வாடகை கேட்காமல் விட்டுவிடுவதா? ஒரு வாய் முட்டை, ஒரு வாய் பால் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள், தானாக உள்ளே போகும். வக்கீலிடம் வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். நானே தோற்றிருக்கிறேன். "பசித்தால் தானாகத் தின்னும்" என்பதெல்லாம் நாய்க்குட்டிக்குச் சரி. காலையில் வயிறு நிறையாத பிள்ளைக்குப் பாடம் மண்டையில் ஏறாது. விடிந்ததும் லேசாக, சத்தாக. அதுதான் காலைச் சாப்பாடு, அதற்கு மேல் விவாதம் கிடையாது.

இங்கே பாறை நன்றாக ஒத்துழைக்கிறது. உங்கள் சின்ன மகளைவிட.

உங்கள்,
ஆளுங்கட்சி


மே 2

அன்புள்ள ராணிக்கு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

பேக்கரியில் பெரிய அடுப்பின் கதவு கழன்று விழுந்துவிட்டது. முதலாளி புதுக் கதவு வாங்கலாம் என்கிறார், நான் பழையதையே பற்றவைக்கலாம் என்கிறேன். உன் தம்பி பஸ் டெப்போவிலிருந்து வெல்டிங் ஆளைக் கூட்டிவந்தான். கீல் இப்போது முன்னைவிட உறுதி. பெரியவளுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன், இடது கால் கொஞ்சம் கடிக்கிறதாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, அடைத்தாயிற்று. மழை நன்றாகப் பெய்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. தட்டு காலியாகிறது.

உன்னவன்


மே 16

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

சுகமா?

எந்தத் தட்டு? அதில் என்ன இருந்தது? அடுப்புக் கதவின் கீலைப் பற்றி இவ்வளவு எழுதிய கைக்கு முட்டையைப் பற்றி ஒரு வரி எழுத வலிக்கிறதா? உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவள்


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ நிறையக் கோபப்படாமல் சுகமாக இருக்கிறாயா? மாமாதான் உனக்குப் பதில் எழுதுவதாக இருந்தது. கடையில் ஒரு ஆள் குறைகிறது, இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக இழுக்கிறார். அதனால் இந்த முறை நான்.

டெப்போவில் என்னை மூத்த மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள். நம்பமாட்டாய். இப்போதெல்லாம் நானே விடிவதற்குள் எழுந்துவிடுகிறேன். காரணம் என்ன தெரியுமா? மீன் பொரிகிற வாசனை. அதில் கண் விழிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் அக்கா! சோறு, கீரை, பொரித்த மீன். நேற்று ஆட்டுக்கறி. மாமா வேலைக்குப் போகுமுன்பே எல்லாம் சமைத்து வைத்துவிடுவார். வந்ததும் சூடு பண்ணுவார், மீனை மட்டும் அப்போது பொரிப்பார். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரு பிடி பிடிப்போம். உன் காலத்தில் காலை முட்டையைக் கண்டால் நானே போர்வைக்குள் திரும்பிப் போய்விடுவேன், கோபித்துக்கொள்ளாதே.

இதெல்லாம் மாமா உனக்கு எப்போதோ எழுதியிருப்பார். நான் வேறு எதற்குத் திரும்ப எழுதுகிறேன்!

உன் தம்பி


ஜூன் 19

ரொட்டிக்காரருக்கு,

("அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பாருங்கள்.)

நீங்கள் எல்லோரும் சுகம் என்று தம்பி எழுதிவிட்டான். விடியற்காலையில் மீன் பொரித்துத் தின்றால் சுகத்துக்கு என்ன குறைச்சல்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் முழு மீனையே மறைத்திருக்கிறீர்கள். "தட்டு காலியாகிறது" என்று எழுதினீர்களே, அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஐந்து வயது வயிற்றுக்குச் சூரியன் வருமுன் கறியும் சோறுமா? பள்ளியில் போய்த் தூங்கி விழமாட்டாளா? உலகத்தில் எந்த வீட்டில் இப்படி ஒரு அநியாயம் உண்டு?

உங்களை நம்பித்தான் வந்தேன். என் கை எட்டாத தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக நான் சொன்னதைக் கிடப்பில் போட்டுவிட்டீர்கள், அதைச் சொல்லவும் இல்லை. மீனைவிட, சொல்லாமல் விட்டதுதான் முள்ளாகக் குத்துகிறது. செப்டம்பரில் கோட்டைத் தொடவில்லை என்றால் இந்த மலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். பாதி குடைந்த மலையை.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா


ஜூலை 4

அன்புள்ள ராணிக்கு,

நீ அடித்த "அன்புள்ள" அடித்த பிறகும் நன்றாகவே தெரிகிறது. நாங்கள் நலம். கோபத்திலும் நீ நலமாக இரு.

சொல்லாமல் விட்டது தப்பு. அதற்கு நீ கொடுக்கும் தண்டனை எதுவானாலும் சரி. ஆனால் மீன் தப்பில்லை. அதில் ஒரு அடிகூட நான் பின்வாங்கமாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கடையில் வேலை அதிகம். வீட்டுக்கு வரும்போது பசியில் கண் இருட்டியது. முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, அது வேகும்வரை பொறுக்காமல் என் சோற்றுத் தட்டோடு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சுவிடாமல் தின்றுகொண்டிருக்கிறேன், என் முழங்கைக்குக் கீழே ஒரு தலை நுழைகிறது. சுண்டு. பல்கூட விளக்கவில்லை. என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டாள். அப்புறம் சோறு. அப்புறம், "அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு எட்டல." பால்குடி மறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயைத் திறந்து சாப்பாடு கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மெல்வதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். முள் சிக்கிவிட்டது என்று வக்கீல் முதுகில் தட்டினாள்.

மறுநாள் சோதனைக்காக முட்டையையே வைத்தேன், கன்னத்தில் போயிற்று. அதற்கு மறுநாள் நானும் கூட உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், அவள் தட்டு காலி. அப்போதுதான் புரிந்தது. நான் முட்டையை வைத்துக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரன் எதிரே யாருக்குத் தொண்டையில் இறங்கும்? பசியோடு சாப்பிடுகிறவன் பக்கத்தில்தான் அவளுக்குப் பசிக்கிறது. எனக்குப் பசிக்கிற நேரம் விடியற்காலை. அவ்வளவுதான் விஷயம். பள்ளியில் தூங்கி விழவும் இல்லை, டீச்சரிடம் கேட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். இத்தனை கடிதத்தில் எங்கள் எல்லோருடைய தட்டையும் விசாரித்துவிட்டாய். உன் தட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மேசையில் நாலாவது நாற்காலியில் உன் தம்பி உட்காருகிறான். "அம்மா வந்தா இந்த நாற்காலியைக் குடுத்துடணும்டா" என்று அவனிடம் சொன்னேன். சுண்டு சொன்னாள், "அம்மாக்கு நாற்காலி வேண்டாம்ப்பா. அம்மா நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க." குறையாகச் சொல்லவில்லை. மேசைக்கு நாலு கால் என்பது மாதிரிச் சொன்னாள்.

உன்னவன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள ராணிக்கு,

லாரி வருகிறது, போகிறது. உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் கோபமாகவே நாலு வரி எழுது, வாங்கிக்கொள்கிறேன். வக்கீல் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னைத்தான் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறாள்.

நாங்கள் நலம். மீன் தொடர்கிறது.

உன்னவன்


ஆகஸ்ட் 22

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

("அன்புள்ள" அடிக்கப்படவில்லை.)

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படவைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன், திரும்ப உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை மடித்தே வைத்திருந்தேன். அதைப் பற்றி இப்போதும் எழுதப்போவதில்லை.

என் தட்டைக் கேட்டீர்கள். தட்டு இல்லை, டம்ளர்தான். வேலை முடிந்து வெளியே வந்ததும் சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் நின்று ஒரு கடுங்காப்பி. குடிக்கும்போதே பகல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். நேரம் மிச்சம் என்று பெருமை வேறு.

போன வாரம் சமையல்காரம்மா கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். "நீங்க இப்படி நிக்கறதப் பாத்தா, என் சோத்துல கல்லு இருக்குன்னு ஆளுங்க நினைச்சுக்குவாங்க. உள்ள வந்து உக்காருங்க" என்றார். அந்தக் குரலுக்கு மலையே வழிவிடும், நான் எம்மாத்திரம்? உட்கார்ந்தேன். எதிரே அந்தத் துளைபோடும் ஆள், புருவமெல்லாம் கல்தூசி. சோற்று மலை, கறி, பருப்பு. அவர் ஒவ்வொரு கவளமாகக் குடைந்துகொண்டு போன அழகைப் பார்த்து எனக்கு வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வெளியே அப்போதுதான் சூரியன் வந்தது.

உலகத்தில் எந்த வீட்டில் இந்த அநியாயம் உண்டு என்று உங்களைக் கேட்டேனே, அந்தக் கடிதத்தை இந்தக் கொட்டகை வாசலில் நின்றுதான் எழுதினேன். எனக்குப் பின்னால் கொட்டகை நிறைய ஆட்கள் விடிகாலையில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது தினமும் உட்காருகிறேன். நீங்கள் நாலு பேரும் அங்கே சாப்பிடும் அதே நேரம்தான் இது என்று நினைத்துக்கொள்வேன், சோறு நன்றாக இறங்குகிறது.

ஆனாலும் கோடு கோடுதான். செப்டம்பர் வரட்டும்.

உங்கள்,
தட்டுக்கு வந்தவள்


செப்டம்பர் 12

அன்புள்ள ராணிக்கு,

நலம். நீ இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட இடத்தை உன் தம்பி உரக்கப் படித்தான். வீடே கைதட்டியது.

இன்று டாக்டரிடம் போனோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோட்டைத் தொடவில்லை. ஏறியிருக்கிறாள், நன்றாகவே ஏறியிருக்கிறாள், ஆனால் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு நகம் அளவு மிச்சம் இருக்கிறது. "ஷூவைக் கழட்டாம நிறுத்தியிருக்கலாம்ல மாமா" என்று உன் தம்பி காதில் ஓதினான். நான்தான் கழற்றச் சொன்னேன். சாக்ஸையும்.

டாக்டர் அவளைக் கேட்டார், "காலைல என்ன சாப்பிடற பாப்பா?"

"ராத்திரிச் சாப்பாடு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "மணி என்னன்னு எடை மெஷினுக்குத் தெரியாது சார். உப்பு, எண்ணெய் மட்டும் பாத்துக்குங்க. இப்படியே போகட்டும்" என்றார்.

ஆனால் நிபந்தனை நீ போட்டது. அதன்படி நீ வரவேண்டும். முடிவு உன்னுடையது. என் கருத்தைக் கேட்டால், வேலையை விடாதே. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, விடியற்காலையில் சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நாளும் பிடிக்கவில்லை. பாதி மலையை விட்டுவிட்டு வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உன்னை அதைவிடப் பிடிக்காது.

உன்னவன்


அக்டோபர் 3
நம் வீடு, விடியப்போகிறது

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

கடைக்குள் வந்து தம்பி இந்தச் சீட்டைக் கொடுத்ததும் கையிலிருக்கும் தட்டைக் கீழே போட்டுவிடாதீர்கள். நான்தான். லாரியில் வந்து, பஸ் பிடித்து, சற்று முன்தான் வந்து சேர்ந்தேன். சுகமா என்று கேட்கமாட்டேன், நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

பத்து நாள் விடுப்பு. அப்புறம் திரும்பிப் போவேன், மறுபக்கத்து வெளிச்சம் தெரியும்வரை குடைவேன். நிபந்தனை போட்டவள் நான், நானே எடுத்துவிட்டேன். மிச்சமுள்ள ஒரு நகம் அளவை உங்கள் மீன் பார்த்துக்கொள்ளும்.

வக்கீல் எழுந்து வந்து, ஏன் இத்தனை நாள் என்று ஒரு வழக்கு நடத்தி முடித்துவிட்டாள். சுண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கனக்கிறாள்! அப்புறம் இறங்கிப்போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். என்னடி தேடுகிறாய் என்றேன். "நிஜமா உக்காந்திருக்கீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

நாலாவது நாற்காலியில் இருக்கிறேன். மீனைக் கழுவி வைத்திருக்கிறேன், பொரிப்பது உங்கள் வேலை. நான் எழுந்திருக்கப்போவதில்லை. வரும்போது அடுப்பிலிருந்து சூடாக ஒரு ரொட்டியும் எடுத்துவாருங்கள், அதையும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் வாங்க. எனக்குப் பசிக்கிறது.